பதினாலு டிகிரிக்காரர்

தை மாதத்தில் மழை பெய்தால் எங்கள் ஊரில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஏரிக்கு நல்லது, கிணற்றுக்கு நல்லது என்று ஏதாவது சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அழைக்காமல் வந்து பந்தியில் உட்கார்ந்த பங்காளியைப் பார்ப்பதுபோல் அந்த மழையைப் பார்த்த ஒரே மனிதர், எங்கள் தெருமுனையில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருந்தவர்தான். தூறல் விழுந்ததும் கடை வாசலுக்கு வந்து, இடுப்பில் கைவைத்து மேலே பார்ப்பார். "வந்துட்டியா? உன்ன யாரு கூப்ட்டா?" என்று கேட்பார். பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வார். அன்றைக்கு யாருடைய ஃபிரிட்ஜும் சரியாகாது.

அவர் பனிக் கட்சி. வருஷத்தில் முக்கால்வாசி நாள் வேகிற காஞ்சிபுரத்தில், மார்கழியிலும் தையிலும் ஏதோ சில விடியற்காலைகள் கொஞ்சம் குளிரும். அந்தச் சில விடியல்களுக்காகத்தான் மீதி வருஷத்தை அவர் பொறுத்துக்கொண்டிருந்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், ஊர் வெந்தால்தான் அவருக்குப் பிழைப்பு. ஏசி ஓடாத மாதத்தில் அவரைத் தேடி யார் வரப்போகிறார்கள்? "குளிர் வந்தா கடைக்கு ஒரு ஆளு வர்றதில்ல, அதுக்கு இவரு தேங்கா ஒடைக்கிறாரு" என்று அவர் மனைவி, கடைக்குச் சாப்பாடு கொண்டுவரும்போதெல்லாம் தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போவார். அவர் அதை மறுத்ததில்லை. உண்மையாகவே உடைத்தார்.

ஊரில் எங்களைப் போன்ற வானிலைப் பைத்தியங்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். நான் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். விடியுமுன் கம்பெனி பஸ்ஸுக்காகத் தெருமுனையில் நிற்கிறவனுக்கு வானத்தை விட்டால் பார்க்க வேறென்ன இருக்கிறது? அப்படித்தான் சேர்ந்தேன். ஒரு கல்லூரிப் பேராசிரியை இருந்தார். திருப்பருத்திக்குன்றத்தில் வேர்க்கடலை போடும் சமணர் ஒருவர் இருந்தார். மற்றவர்கள் மழை வரும்போது மட்டும் விழித்துக்கொள்கிறவர்கள்.

ஐப்பசி பிறந்துவிட்டால் குழு கல்யாண வீடாகிவிடும். கடலில் ஒரு சுழி தெரிந்தால் போதும், ரேடார் படமும் கணிப்பு மாடல் படமுமாக ஆளுக்கு ஆள் போட்டுத் தள்ளுவார்கள். செவிலிமேட்டில் எவ்வளவு பெய்தது, பெரிய காஞ்சிபுரத்தில் எவ்வளவு பெய்தது என்று சண்டையே நடக்கும். அந்தக் கூத்து முழுவதிலும் நம்மவர் வாயே திறக்க மாட்டார். புயல் கரையைக் கடக்கப்போகிறது என்று எல்லோரும் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அவரிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வரும்: இது போனபிறகு வாடைக்காற்று எப்போது திரும்பும்? சாவு வீட்டில் சாப்பாடு எப்போது என்று கேட்டவனைப் போல எல்லோரும் அவரைக் கழுவி ஊற்றுவார்கள். அவர் ஒரு குரங்குக் குல்லாயின் படத்தைப் பதிலாகப் போடுவார்.

அந்தக் குல்லா நிஜம். கார்த்திகை தீபம் முடிந்த மறுநாள் தலையில் ஏறும். வெயில் பல்லைக் காட்டினாலும் மாசி பிறக்கும்வரை இறங்காது. நெற்றி வியர்க்க ஏசிக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பார், தலையில் குல்லா இருக்கும். புழுங்கவில்லையா என்று கேட்டால், "நாம மரியாத குடுத்தாத்தான்பா அது வரும்" என்பார்.

குளிர்தான் வேண்டுமென்றால் ஊட்டிக்குப் போய்த் தொலையலாமே என்று பேராசிரியை ஒருமுறை குழுவில் கேட்டார். இவர் போய் வந்தவர்தான். மகள் திருமணம் முடிந்த கையோடு குடும்பமாகப் போனார்கள், மூன்று நாளைக்கு அறை போட்டு. மறுநாளே மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். மனைவி அதற்காக அவரோடு எத்தனை நாள் பேசவில்லை என்பதைத் தெருவே எண்ணிக்கொண்டிருந்தது. நான் காரணம் கேட்டேன். அவர் கேஸ் சிலிண்டரின் மேல் உட்கார்ந்துகொண்டு, வருத்தத்தோடுதான் சொன்னார்: "அங்க எல்லாருக்கும் குளிருதுபா. அதுல இன்னா இருக்குது? நம்ம ஊருக்கு வரணும்."

அந்த ஒரு வாக்கியத்தில் அவர் முழுசாக இருந்தார். குளிர் என்பது அவருக்கு வெப்பமானி காட்டும் எண் இல்லை, விருந்தாளி. வேறு வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போய்ப் பார்த்துவிட்டு வருவதில் அவருக்கு என்ன பெருமை?

எண்ணும் ஒன்று இருந்தது. பதினாலு. நம் ஊரில் வெப்பம் பதினாலு டிகிரிக்கு இறங்கியதைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய லட்சியம். பதினெட்டு சாதாரணமாக வரும். எப்போதாவது பதினாறு வரும், அன்றைக்கு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் டீ வாங்கித் தருவார். பதினாலு வரவே வராது. ஒரு மார்கழியில் வந்தது. செவிலிமேட்டில் அவர் வீட்டுக் கொல்லையில் வைத்திருந்த வெப்பமானியைப் படம் பிடித்துக் குழுவில் போட்டார். பதினாலு, துல்லியமாக. குழு மூச்சடைத்துப் போயிற்று. வேர்க்கடலைக்காரர் கும்பிடு போட்டார். பேராசிரியை மட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, மேலே மூலையில் பச்சையாகத் தெரிவது என்ன என்று கேட்டார்.

வாழை இலை. இரவெல்லாம் பனி சொட்டும் வாழை மரத்தடியில், ஈர மட்டையின் மேல் வெப்பமானியைச் சாத்தி வைத்திருக்கிறார். வாழை மரத்துக்குக் குளிர்ந்தது ஊருக்குக் குளிர்ந்தது ஆகாது என்று பேராசிரியை பத்தி பத்தியாக எழுதினார். "வாழ மரம் நம்ம ஊர்ல இல்லாம வேற எந்த ஊர்லங்க இருக்குது?" என்று இவர் ஒரு வரியில் கேட்டார். பதிவு செல்லாது என்று முடிவாயிற்று. அதற்குப் பிறகு குழுவில் யார் எதை மிகைப்படுத்திச் சொன்னாலும் 'வாழை மரத்தடி' என்று போட்டுவிடுவோம். அவரும் சேர்ந்து போடுவார்.

இவ்வளவும் சிரிப்பாகவே போயிருக்கும், எங்கள் அண்ணி அவரை நம்பாமல் இருந்திருந்தால்.

என் அண்ணனும் அண்ணியும் பட்டு நெய்கிறவர்கள். தறிக்கு ஏற்றுவதற்கு முன்னால் பாவை, அதாவது நெடுக்கு நூலை, தெருவில் கழிகளில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இழை இழையாகப் பிரித்து, இளவெயிலில் காயவைக்க வேண்டும். மூன்று புடவைக்கான நூல் அது, வீட்டுக்குள் எங்கே விரிப்பது? தெருதான் இடம். விடியும்போது தொடங்கினால்தான் வெயில் ஏறுவதற்குள் முடிக்கலாம். கஞ்சி ஈரத்தோடு இருக்கும்போது நாலு துளி மழை விழுந்தால் தீர்ந்தது. கஞ்சி கழுவிக்கொண்டு போய், இழைகள் ஒன்றோடொன்று பிசுபிசுத்துப் பின்னிக்கொள்ளும். அவசரத்துக்குச் சுருட்டவும் முடியாது, சுருட்டினால் ஒட்டிக்கொள்ளும்.

அதனால் அண்ணி முதல் நாள் சாயங்காலம் தெருமுனைக்குப் போய் அவரிடம் கேட்பார், நாளைக்குப் பாவு நீட்டலாமா என்று. தை மாதத்தில் அவருடைய பதில் எப்போதும் ஒன்றுதான். வராதும்மா, நீட்டு. பெரும்பாலும் சரியாகவும் இருந்தது. தையில் மழை வராது என்று சொல்ல ரேடார் எதற்கு, தினசரிக் காலண்டரே போதும். ஆனால் அண்ணி அதை அவருடைய கெட்டிக்காரத்தனம் என்று எடுத்துக்கொண்டார். அவரும் அப்படியே எடுத்துக்கொண்டார் என்பதுதான் ஆபத்து. தையில் கீழைக்காற்று மேகத்தை ஓட்டிக்கொண்டு வந்தால் அவர் போட்ட கணக்கெல்லாம் கெட்டுவிடும். மேகம் வந்தால் இரவு சூடாகும், பனி ஓடிப்போகும், அப்புறம் சப்பென்று ஒரு மழை. அதனால் கடலில் மேகம் தெரிந்தாலும் அது இங்கே வராது என்று அவர் முதலில் தனக்குச் சொல்லிக்கொள்வார். பிறகு ஊருக்குச் சொல்வார்.

கொரோனாவெல்லாம் ஓய்ந்தபிறகு வந்த ஒரு தை மாதம். தொடர்ந்து சில நாள் பனி கொட்டியது. பனியை அளக்க அவர் வைத்திருந்த அளவுகோல் ஏகாம்பரநாதர் கோயில் கோபுரம். தெருமுனையில் நின்று பார்க்கும்போது கலசம் மட்டும் மறைந்தால் பாஸ், பாதிக் கோபுரம் மறைந்தால் முதல் வகுப்பு, கோபுரமே இல்லையென்றால் டிஸ்டிங்ஷன். அந்த வாரம் டிஸ்டிங்ஷனாக வாங்கித் தள்ளியது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. சென்னையிலிருக்கும் ஒரு பெரிய வானிலைக் குழுவின் ஆட்களை விருந்துக்கு அழைப்பதுபோல் அழைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் செவிலிமேட்டுப் பாலாற்றுப் பாலத்துக்கு வாருங்கள், உங்கள் கையை நீட்டினால் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது என்று.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணி வழக்கம்போல் போய்க் கேட்டபோது நானும் கடையில் இருந்தேன். அவர் கையிலிருந்த போனில் கடலுக்கு மேலே ஒரு மேகப் பட்டை தெரிந்தது. நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். இரண்டு விரலால் படத்தைச் சின்னதாக்கினார், மேகமும் சின்னதாயிற்று.

"கடல்லயே கரைஞ்சிடும்மா," என்றார். "வராது. நீ நீட்டு."

ஞாயிறு விடியற்காலையில் அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் டீ ஃபிளாஸ்க்கைக் கட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். பாலத்தின்மேல் இரண்டு கார்கள் நின்றன. மலையேறுகிறவர்கள் போடும் ஜாக்கெட்டும் கையுறையுமாக ஏழெட்டுப் பேர், கழுத்தில் கேமரா. பாலாற்று மணலின்மேல் பனி பாயாக விரித்துக் கிடந்தது. அவர் சொன்னது பொய்யில்லை, எதிர்க்கரை இருக்கிறது என்பதைக் கேள்விஞானத்தில்தான் நம்ப வேண்டியிருந்தது. அவர் குல்லாயைச் சரிசெய்துகொண்டு பெண் வீட்டுக்காரரைப் போல எல்லோருக்கும் டீ ஊற்றினார். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவர் முகத்தில் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

டீ ஆறுவதற்குள் காற்று திரும்பியது. முகத்தில் வெதுவெதுப்பாக அடித்தது. ஆற்றின் நடுவில் ஒரு மின்கம்பம் தெரிந்தது, பிறகு எதிர்க்கரைப் பனைமரங்கள். யாரோ விளக்கைப் போட்டதுபோல் எல்லாம் ஒவ்வொன்றாகத் துலங்கியது. கிழக்கே வானம் சாம்பல் நிறத்தில் தடித்திருந்தது. முதல் சொட்டு டீ டம்ளரில் விழுந்தது.

வந்தவர்கள் வானிலைப் பைத்தியங்கள்தானே, அவர்களுக்குப் பனி போனால் என்ன? தை மாதத்து மழை பார்க்கக் கிடைக்காத சரக்கு. கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை நீட்டினார்கள். ஒருவர் அவருக்குக் கைகொடுத்து வாழ்த்தக்கூட வந்தார். அவர் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. இந்த முறை மேலே பார்த்து மழையையும் திட்டவில்லை.

"பாவு," என்றார் என்னிடம். வண்டியைக் கிளப்பிவிட்டார். நான் ஓடிப்போய் ஏறினேன்.

அண்ணிக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. கையெல்லாம் கஞ்சியாக இருக்கும்போது யார் எடுப்பார்கள்? அண்ணனுக்கு அடித்தேன். அவன் போன் வீட்டுக்குள் எங்கோ தூங்கிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் பின்னால் இரண்டு கார்களும் வந்துகொண்டிருந்தன. அவர் மழை மேகத்தைத் துரத்திக்கொண்டு போகிறார் என்று நினைத்துவிட்டார்களாம். முன் காரின் ஜன்னல் வழியாக ஒருவர் எங்கள் முதுகைப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். அந்தப் படம் அப்புறம் அவர்கள் குழுவில் வெகுவாகப் புகழப்பட்டது என்று கேள்வி.

எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது தூறல் எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தது. சிவப்புப் பாவு தெரு நீளத்துக்குக் கட்டியிருந்தது. அண்ணியும் பக்கத்து வீட்டுப் பெண்களும் கையில் கிடைத்த பிளாஸ்டிக் தாளை அதன்மேல் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் சும்மா ஓடிக்கொண்டிருந்தான். நம்மவர் வண்டியை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே சாய்த்துவிட்டு இறங்கினார். தெருக்கோடியில் ஒரு கல்யாண மண்டபம் உண்டு. அதன் சாப்பாட்டுக் கூடம்தான் எங்கள் பக்கத்தில் பாவு நீளத்துக்கு இருக்கும் ஒரே கூரை. ஓடிப்போய்க் காவல்காரரை எழுப்பி, பூட்டைத் திறக்கவைத்தார். பாவைச் சுருட்டாமல், கட்டியபடியே, கழிகளோடு தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்கு ஆள் வேண்டும்.

அந்த நேரம் பார்த்துக் கார்கள் வந்து நின்றன. மழையைப் பிடிக்க வந்தவர்கள் கேமராவோடு இறங்கினார்கள். அண்ணி அவர்களை ஏற இறங்கப் பார்த்தார். ஜாக்கெட், பூட்ஸ், கையுறை எல்லாவற்றையும்.

"அதெல்லாம் கார்ல போட்டுட்டு வந்து ஆளுக்கு ஒரு கழியப் புடிங்கபா. இழுக்காதீங்க, தொங்கவும் விடாதீங்க."

பிடித்தார்கள். எங்கள் தெருவில் எத்தனையோ சாமி ஊர்வலம் போயிருக்கிறது. கன்னத்தில் மழை வழிய, இமயமலைக்குப் போகும் உடுப்போடு, மூன்று புடவைக்கான நூலைப் பச்சைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு ஒரு கூட்டம் கல்யாண மண்டபத்துக்குள் போனது அன்று ஒருநாள்தான். அவர் பின்முனையைப் பிடித்திருந்தார். எல்லோருக்கும் கடைசியாக உள்ளே வந்த முனை அது. நனைந்த முனையும் அதுதான்.

இரண்டு புடவை தேறியது. ஒரு புடவைக்கான நூல் பின்னிக்கொண்டு போயிற்று. அண்ணி சாப்பாட்டுக் கூடத்தின் தரையில் உட்கார்ந்து அதைப் பிரிக்க முடியுமா என்று பார்த்தார். முடியவில்லை. நம்மவர் எதிரே நின்றுகொண்டிருந்தார். குல்லாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. நூலுக்கு ஆன செலவைத் தானே தந்துவிடுவதாகச் சொன்னார். அண்ணி அதைக் காதில் வாங்கவில்லை. கோபமாகக்கூடப் பேசவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"அண்ணா, உங்களுக்குப் பனி வேணும்னா பனி வேணும்னு சொல்லுங்க. மழ வராதுன்னு சொல்லாதீங்க."

அவர் தலையை ஆட்டினார். குல்லாயைக் கழற்றிப் பிழிந்து பையில் வைத்துக்கொண்டார். அந்த வருஷம் மாசி பிறப்பதற்கு முன்பே அது இறங்கிவிட்டது.

அதற்கப்புறம் அவர் ஜோசியம் சொல்லும் முறை மாறிப்போயிற்று. அண்ணி அவரிடம் கேட்பதை நிறுத்தவில்லை, அவர் பதில்தான் இரண்டு துண்டாக வந்தது. எனக்குப் பனி வேணும்மா, ஆனா மழை வர்ற மாதிரி இருக்குது. எனக்குப் பனி வேணும்மா, நல்லவேளையா மழையும் இல்ல. முதலில் தன் கட்சியைச் சொல்லிவிட்டுத்தான் வானத்தின் கட்சியைச் சொல்வார். இது குழுவில் எல்லோரையும் தொற்றிக்கொண்டது. புயல் வேண்டும் என்று மனசுக்குள் ஏங்குகிறவர்கள்கூட அதைச் சொல்லிவிட்டு, பிறகு அது ஆந்திரா பக்கம் போகிறது என்று எழுதினார்கள். இவ்வளவு நாணயமான வானிலைக் குழு வேறு எங்கும் இருக்காது என்று நினைக்கிறேன். கணிப்பு மட்டும் முன்னைப் போலவேதான் தப்பியது.

இரண்டு வருஷம் முன்னால் கடையைக் கொடுத்துவிட்டு, மனைவியோடு மகள் வீட்டுக்குக் கனடா போய்விட்டார். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். போவதற்கு முன்னால் வெப்பமானியைக் கொண்டுவந்து அண்ணியிடம் கொடுத்தார். அண்ணி அதை வாசலில் மின்சார மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டினார். அந்த இடத்தில் சூடு காட்டும், அங்கே மாட்டாதே என்று அவர் மன்றாடிப் பார்த்தார். அங்கேதான் ஆணி இருந்தது.

கனடாவில் அவருக்குச் சொர்க்கம் என்றுதான் நினைத்தோம். முழங்கால் உயரத்துக்குப் பனி கொட்டிக் கிடக்கிறது, மைனஸ் இருபது என்கிறார்கள். அவரோ அதைப் பற்றி ஒரு படம்கூடப் போடவில்லை. ஒரே ஒருமுறை குரல் பதிவு அனுப்பினார். அந்த ஊரிலும் நம்மைப் போலவே ஒரு பைத்தியக் கூட்டம் இருக்கிறதாம். இன்றைக்குப் பெரிய பனி விழும், பள்ளிக்கூடம் லீவு என்று இரவெல்லாம் ஜன்னலில் காத்திருந்தார்களாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பனிச்சறுக்குப் பலகையை வாசலிலேயே சாத்தி வைத்திருந்தார்களாம். நடுவில் காற்று திரும்பி எல்லாம் வெறும் மழையாகிவிட்டதாம். "அதே கதிதான்பா இவங்களுக்கும். பாவம், மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு ஆபீசுக்குப் போறானுங்க," என்று சொல்லிச் சிரித்தார். பதிவின் கடைசியில் குரல் கொஞ்சம் இறங்கியது. "இங்க இருக்கிறது இவங்க குளிரு. நம்மளுது இல்ல."

இந்தத் தையில், ஒருநாள் சாயங்காலம் எனக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது. அவருக்கு அங்கே விடிந்திருக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்து நம் ஊர் மேகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். 'எனக்குப் பனி வேணும். ஆனா நாளைக்கு உங்க தெருவுக்கு மழை வரும். உங்க அண்ணிகிட்ட சொல்லு, பாவு நீட்ட வேணாம்.'

அண்ணி கஞ்சிக்கு அரிசிகூட எடுத்து வைத்திருந்தார். அண்ணாந்து பார்த்தார், ஒரு பொட்டு மேகம் இல்லை. இருந்தாலும் அரிசியைத் திரும்பக் கொட்டிவிட்டார்.

காலையில் கம்பெனி பஸ்ஸுக்குப் போகக் கதவைத் திறந்தால் எதிர்வீடு இல்லை. தெருவிளக்கு மட்டும் மஞ்சளாக ஏதோ உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கோபுரம் இருக்கும் திசையே தெரியவில்லை. இப்படி ஒரு பனியை அவர் இருந்த காலத்தில் எங்கள் தெரு பார்த்ததில்லை. மழை வருவதற்கான அடையாளமே இல்லை. அண்ணி பின்னால் வந்து நின்றார். அவர் சொன்னதைக் கேட்டு ஒருநாள் வேலை போயிற்றே என்று முணுமுணுத்தபடியே தெருவில் இறங்கி, கையை முன்னால் நீட்டிப் பார்த்தார். பிறகு என் போனை வாங்கி, அவருக்குக் குரல் பதிவு அனுப்பினார்.

"அண்ணா, மழ இல்ல. பனிதான். என் கையே எனக்குத் தெரியல."

அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம் இருக்கும். உடனே பார்த்துவிட்டார் என்று காட்டியது. வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. என்னால் அவர் முகத்தை நினைத்துப் பார்க்க முடிந்தது. விருந்தாளி கடைசியில் வந்தேவிட்டார், வீட்டுக்காரர்தான் ஊரில் இல்லை. அப்புறம் ஒரு செய்தி வந்தது.

'எத்தனை டிகிரி?'

நான் போன் விளக்கை அடித்து மீட்டர் பெட்டிப் பக்கம் பார்த்தேன். பதினேழு காட்டியது. அண்ணியிடம் சொன்னேன். அண்ணி கிட்டே வந்து தானும் ஒருமுறை அந்த வெப்பமானியைப் பார்த்தார். அவரைச் சாப்பாட்டுக் கூடத்தில் நிறுத்தி, வேண்டுவதை வேண்டுவதாகச் சொல்லு, இல்லாததைச் சொல்லாதே என்று சொன்ன அதே அண்ணி.

"பதினாலுன்னு போடு," என்றார்.

போட்டேன். இந்த முறை பதில் வர அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

'எந்த வாழ மரத்தடியிலபா மாட்டுனீங்க?'